‘விஷவாயு தாக்கி இருவர் பலி’: வகுப்பறையில் விமர்சன வாசிப்பைத் தொடங்குவது எப்படி

‘கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி இருவர் பலி.’ நாளிதழ் படிக்கிற யாருக்கும் பழகிப்போன தலைப்பு இது. ஒன்பதாம் வகுப்பில் இதைக் கொடுத்து, எத்தனை பேர் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் சரியாக எழுதிவிடும். இருவர், விஷவாயுவால். இரண்டுக்கு இரண்டு மதிப்பெண்.

ஆனால் அந்த வாக்கியத்தில் தாக்குவது வாயு. தொட்டி யாருடையது, அவர்களை உள்ளே இறங்கச் சொன்னது யார், பாதுகாப்புக் கருவிகள் கொடுத்தார்களா என்ற எதற்கும் அதில் இடமில்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சட்டம் குற்றம் என்கிறது. தலைப்போ புயல், இடி மாதிரி தானாக வந்த ஒன்றாகச் சொல்கிறது.

ஒரு பிரதி, அதாவது நாம் வாசிக்க எடுத்துக்கொள்ளும் செய்தியோ கதையோ விளம்பரமோ, எதைச் சொல்கிறது என்று புரிந்துகொள்வதோடு நிற்காமல், எப்படிச் சொல்கிறது, யாருடைய இடத்தில் நின்று சொல்கிறது, எதை விட்டுவிட்டது, வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்றும் கேட்கப் பழகுவதுதான் விமர்சன வாசிப்பு. அந்த ‘வேறு எப்படி’யை மாணவரே எழுதிப் பார்ப்பது விமர்சன எழுத்து. இரண்டும் சேர்ந்தால்தான் பயன். கேள்வி கேட்பதோடு நிறுத்தினால் பிள்ளைகள் ஆசிரியரின் கருத்தைத் திருப்பிச் சொல்லக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான். எழுதிப் பார்க்கும்போதுதான், ஒரு சொல்லை மாற்றினால் பழி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கைக்குத் தெரியும்.

விமர்சனம் என்றதும் குற்றம் கண்டுபிடிப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே உள்ள தலைப்பை எழுதியவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. காவல் நிலையக் குறிப்பில் என்ன இருந்ததோ அதுதான் அவருக்குக் கிடைத்திருக்கும். தலைப்புக்கு ஏழெட்டுச் சொல்தான் இடம். பிரதி ஏன் இப்படி ஆனது என்று விசாரிக்கும்போது இந்தக் காரணங்களும் பதிலில் சேர வேண்டும்.

செங்கல் என்ற சொல்லிலிருந்து

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயிரேதான் இந்தச் சிந்தனைக்கு முன்னோடி. 1921-இல் ரெசிஃபே நகரில் பிறந்தவர். 1963-இல் நாட்டின் வடகிழக்கில் உள்ள அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு ஏறத்தாழ 40 மணி நேர வகுப்புகளில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தை அவர் வழிநடத்தினார். எழுத்தறிவு இல்லாதவர்களுக்கு அப்போது அங்கே வாக்குரிமை கிடையாது. 1985-இல்தான் அது கிடைத்தது. ஆகவே கையெழுத்துப் போடக் கற்பதே அரசியலாகிவிட்டது. 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃபிரேயிரே சிறையில் அடைக்கப்பட்டு, பிறகு நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அவருடைய முறையில் வகுப்பு ‘அ, ஆ’ என்று தொடங்காது. ‘திஜோலோ’, அதாவது செங்கல் என்ற சொல்லை எடுத்துக்கொள்வார்கள். கட்டட வேலை நடக்கும் படத்தைக் காட்டி முதலில் பேச்சு: செங்கல்லை யார் சுமக்கிறார்கள், கட்டிய வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள்? அதன் பிறகே சொல்லை மூன்றாக உடைத்து, ஒவ்வொன்றின் உயிர்மெய் வரிசையையும் பலகையில் எழுதுவார்கள். கற்பவர்கள் அந்தத் துண்டுகளைக் கலைத்துப்போட்டுப் புதுச் சொற்களை உண்டாக்குவார்கள். எழுத்தைப் படிப்பதும் தம்மைச் சுற்றியுள்ள உலகத்தைப் படிப்பதும் ஒரே மூச்சில் நடந்தன. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் ஓட்டக் கற்றதை நினைத்துப் பார்த்தால், இந்த எண்ணம் நமக்கு அந்நியமானதல்ல என்பது விளங்கும்.

பெரியவர்களுக்கான இந்த வழியைப் பள்ளிக்கூட வேலையாக மாற்ற உதவிய சட்டகம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பீட்டர் ஃப்ரீபாடி, ஆலன் லூக் இருவரும் 1990-இல் வாசகர் செய்யும் வேலைகளை நான்காகப் பிரித்தார்கள்: எழுத்துக்கூட்டிப் படிப்பது, பொருள் கொள்வது, பிரதியை உரிய காரியத்துக்குப் பயன்படுத்துவது, பிரதியை ஆராய்வது. நம் தலைப்பையே வைத்துப் பார்க்கலாம். ‘கழிவுநீர்த் தொட்டி’ என்று தடுக்காமல் வாசிப்பது முதல் வேலை. இருவர் இறந்துவிட்டார்கள் என்று அறிவது இரண்டாவது. இது செய்தித் தலைப்பு, விவரம் கீழே இருக்கும், தேதியையும் ஊரையும் அங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருப்பது மூன்றாவது. வாயுவை எழுவாயாக்கியதால் யார் மறைந்தார் என்று கேட்பது நான்காவது.

நம் பள்ளிகளில் நேரம் பெரும்பாலும் முதல் இரண்டில் போய்விடுகிறது. ‘முதலில் சரளமாக வாசிக்கட்டும், ஆராய்ச்சியெல்லாம் பிறகு’ என்பது பலரின் எண்ணம். நான்கும் படிக்கட்டுகள் அல்ல. ஒன்றை முடித்துத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்றில்லை. எழுத்துக்கூட்டவே தடுமாறுகிற பிள்ளைகூட, ஒரு படத்தைக் காட்டி ‘இதில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார்?’ என்று கேட்டால் நன்றாகவே ஆராயும். அதே சமயம் எழுத்துக்கூட்டுவதைக் கைவிட்டுவிட்டு ஆராய்ச்சியில் இறங்குவதும் ஏமாற்று வேலை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எந்த விமர்சனமும் சோறு போடாது.

இரண்டு பீரியடில் ஒரு செய்தி

எட்டாம் வகுப்புக்கு மேல் எந்த வகுப்பிலும் நடத்தக்கூடிய பாடம் இது. 40 பேர் உள்ள வகுப்பென்றால் நான்கு பேருக்கு ஒரு தாள் வீதம் 10 நகல் போதும். பிரதி 60 சொல்லைத் தாண்ட வேண்டாம். நீளமானால் படிப்பதிலேயே மணி அடித்துவிடும். முதல் முறைக்கு உண்மையான நாளிதழ்ச் செய்தியைவிட, நாளிதழ் நடையில் ஆசிரியர் எழுதிய மாதிரிச் செய்தியே பாதுகாப்பானது. எந்த ஊர், எந்தக் கட்சி என்று பேச்சு திசைமாறாது. ஒரு மாதிரி:

‘நகரின் ஆற்றங்கரைப் பகுதியில் நீண்ட காலமாக இருந்து வந்த ஆக்கிரமிப்புகள் நேற்று அகற்றப்பட்டன. பலத்த போலீஸ் பாதுகாப்புடன் பொக்லைன் இயந்திரங்கள் மூலம் 40 குடிசைகள் இடித்துத் தள்ளப்பட்டன. சிலர் எதிர்ப்புத் தெரிவித்ததால் சிறிது நேரம் பரபரப்பு ஏற்பட்டது. அங்கு வசித்தவர்களுக்கு மாற்று இடம் வழங்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருவதாகத் தெரிவிக்கப்பட்டது.’

முதல் ஐந்து நிமிடம் ஆசிரியர் இரண்டு முறை வாசிக்கிறார். கேள்வி எதுவும் கேட்பதில்லை. அடுத்த பத்து நிமிடம் குழுக்கள் ஒவ்வொரு வினைச்சொல்லையும் அடிக்கோடிட்டு, பக்கத்தில் ‘யார்?’ என்று கேட்டுப் பதில் எழுத வேண்டும். பதில் பிரதியிலேயே இருந்தால் அந்தப் பெயர். இல்லையென்றால் வெறும் வட்டம். ஊகித்து எழுதக் கூடாது. ‘நகராட்சிதானே சார் இடிச்சிருக்கும்?’ என்று கட்டாயம் ஒரு குரல் வரும். ‘இருக்கலாம். தாளில் எங்கே இருக்கிறது, காட்டு’ என்பதே பதில்.

இந்த நான்கு வாக்கியத்தில், எச்சங்களையும் வினையாலணையும் பெயரையும் சேர்த்து, ஒன்பது வினைகள் தேறும். அகற்றியது யார், இடித்துத் தள்ளியது யார், மாற்று இடம் வழங்கப்போவது யார், நடவடிக்கை எடுத்து வருவது யார், இதையெல்லாம் தெரிவித்தது யார் என்ற ஐந்துக்கும் வட்டம்தான். இருந்து வந்தது ஆக்கிரமிப்புகள், ஏற்பட்டது பரபரப்பு. இந்த இரண்டிலும் மனிதர் இல்லை. செய்தி முழுவதிலும் கண்ணுக்குத் தெரிகிற மனிதர்கள் எதிர்ப்புத் தெரிவித்த ‘சிலரும்’, அங்கு ‘வசித்தவர்களும்’ மட்டுமே. வீடு போனவர்கள்தான் இந்தச் செய்தியில் ஏதாவது ‘செய்கிறவர்கள்’. அவர்கள் செய்ததும் பரபரப்பு. இதைப் பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் பேசாமல் நின்றால் போதும். வகுப்பு தானாகப் பேசத் தொடங்கும்.

இலக்கணப் பாடத்தில் செயப்பாட்டுவினையை மதிப்பெண்ணுக்காக மட்டுமே கற்றவர்களுக்கு அதன் பயன் இங்கேதான் தெரியவரும். ‘நகராட்சியால் அகற்றப்பட்டன’ என்று எழுதலாம். அந்த ‘ஆல்’ உருபோடு வரும் சொல்லை விட்டுவிட்டாலும் தமிழில் வாக்கியம் முழுமையாகவே ஒலிக்கும். எதுவோ குறைகிறது என்றே தோன்றாது. செயப்பாட்டுவினையே தவறு என்று ஆகிவிடக் கூடாது. ‘இந்தக் கோயில் பதினோராம் நூற்றாண்டில் கட்டப்பட்டது’ என்று எழுதுபவர் எதையும் மறைக்கவில்லை. பேச்சு கோயிலைப் பற்றியது. செய்தவரைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடமா இது என்பதே கேள்வி.

அடுத்து பெயர்கள். முதல் வாக்கியத்தில் ‘ஆக்கிரமிப்புகள்’, இரண்டாவதில் ‘குடிசைகள்’, நான்காவதில் ‘அங்கு வசித்தவர்கள்’. ஒரே இடம்தான். வீடு, குடியிருப்பு என்ற சொற்களை ஏன் காணோம்? அதிகாரி எதைச் சொல்வார், அங்கே பிறந்து வளர்ந்த பெண் எதைச் சொல்வார் என்று ஒரு சுற்றுப் பேசவிடலாம். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் முதலில் தண்ணீர் புகுவது அந்த வீடுகளில்தான், அகற்றச் சொல்லி நீதிமன்ற உத்தரவுகூட இருக்கலாம் என்பதை யாரும் சொல்லாவிட்டால் ஆசிரியர் எடுத்துப்போட வேண்டும். இல்லையென்றால் விமர்சன வாசிப்பு ஒரு பக்கம் சாய்ந்த நாடகமாகிவிடும்.

இரண்டாம் பீரியட் முழுக்க எழுத்து. 10 குழுவுக்கு ஐந்து பார்வைகள், இரண்டு குழுவுக்கு ஒன்று: வீடு இழந்த முதியவர், பணியை மேற்பார்வையிட்ட பொறியாளர், பொக்லைன் ஓட்டுநர், ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் வெள்ளத்துக்குப் பயந்து வாழும் குடும்பம், அங்கிருந்து பள்ளிக்கு வரும் மாணவி. அதே செய்தி, நான்கே வாக்கியம், 60 சொல்லுக்குள். இதில் ஒரு விதி தளரக் கூடாது: மூலத்தில் இல்லாத தகவலைச் சேர்க்கக் கூடாது. தேவைப்படும் தகவலைத் தாளின் ஓரத்தில் ‘கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை’ என்று எழுதிக்கொள்ளலாம். முன்னறிவிப்பு எத்தனை நாளுக்கு முன் வந்தது, மாற்று இடம் எத்தனை கிலோமீட்டர் தூரம், பள்ளித் தேர்வு நடக்கும் நேரமா? நல்ல குழுவின் ஓரக் குறிப்பு கட்டுரையைவிட நீளமாக இருக்கும். அது நல்ல அறிகுறி.

முதல் வரைவில் எப்போதும் ஒரே கோளாறுதான். கண்ணீர், கதறல், ஈவிரக்கமற்ற அதிகாரிகள் என்று அடைமொழிகள் குவியும். பட்டிமன்றப் பேச்சும் தொலைக்காட்சித் தொடரும் பழக்கிய நடை அது. திட்டித் திருத்த வேண்டாம். அடைமொழிகளை மட்டும் பென்சிலால் அடிக்கச் சொல்லிவிட்டு, மிச்சமிருப்பதை வாசிக்கச் சொன்னால் போதும். ‘எங்கள் வீட்டை நேற்று இடித்தார்கள்’ என்ற வெறும் வாக்கியம் பத்து அடைமொழியைவிட ஓங்கி ஒலிப்பதை அவர்களே கேட்பார்கள். கூடவே, பொறியாளர் பார்வையில் எழுதிய குழு மாட்டிக்கொள்ளும் இடமும் சுவையானது: ‘நான் இடித்தேன்’ என்று எழுதக் கை வராது, தன்னையறியாமல் ‘பணிகள் மேற்கொள்ளப்பட்டன’ என்று எழுதும். அந்த நடை எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

ஆர், ஆன், ஆள்

இந்தப் பயிற்சிக்குத் தமிழ் வேறு பல மொழிகளில் இல்லாத ஒரு கருவியைக் கையில் தருகிறது. வினைமுற்றின் விகுதியிலேயே மரியாதை ஏறி உட்கார்ந்திருக்கிறது. ‘அப்பா நாளிதழ் படிக்கிறார். அம்மா சமைக்கிறாள்.’ பழைய கதைப் புத்தகங்களில் இப்படி எத்தனையோ வாக்கியங்கள். அப்பாவுக்கு ‘ஆர்’, அம்மாவுக்கு ‘ஆள்’. யார் சமைக்கிறார் என்பதை மட்டும் கவனித்துவிட்டு விகுதியைத் தவறவிடுகிறவர்கள் அதிகம்.

ஒரு கதையை எடுத்துக்கொண்டு மூன்று நிரல் போடச் சொல்லலாம்: ஆர் யாருக்கு, ஆன் யாருக்கு, ஆள் யாருக்கு. கதையில் வரும் முதலாளி, வேலைக்காரர், பாட்டி, மருத்துவர், தூய்மைப் பணியாளர் என்று பெயர்கள் நிரலில் விழ விழ ஒரு ஒழுங்கு தெரியும். பிறகு ஒரே ஒரு பத்தியில் விகுதிகளை மட்டும் மாற்றி வாசித்துப் பார்க்க வேண்டும். செய்திகளிலும் இது உண்டு. ‘தொழிலதிபர் கைது செய்யப்பட்டார்’. ‘செல்போன் திருடன் சிக்கினான்’. இருவர் மீதும் இருப்பது குற்றச்சாட்டு மட்டுமே, தீர்ப்பு வரவில்லை. விகுதி முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. எல்லா ‘ஆள்’ விகுதியும் இழிவு இல்லை. கவிதையில், தாய் மகளைச் சொல்வதில், தோழிகளுக்குள் அது நெருக்கம். வீட்டில் அம்மாவை ‘வா, போ’ என்று கூப்பிடும் பிள்ளையைக் குற்றவாளியாக்கும் அளவுக்குப் பாடம் போய்விடக் கூடாது. ஒரே கதையில் சிலருக்கு மட்டும் ஏன் என்பதே கவனிக்க வேண்டியது.

சின்ன வகுப்புகளுக்கு விளம்பரம்

நான்கு, ஐந்தாம் வகுப்பில் செய்தியைவிட விளம்பரம் எளிது. நகைக்கடை, துணிக்கடைத் துண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். பெரிய எழுத்தில் ஒரு நிறம், சிறிய எழுத்தில் வேறு நிறம் என்று வட்டமிடச் சொன்னாலே பாதிப் பாடம் முடிந்தது. ‘50% வரை தள்ளுபடி’ என்பதில் ‘வரை’ எவ்வளவு சிறிதாக இருக்கிறது? ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்றால் எந்த நிபந்தனை, அது எங்கே எழுதியிருக்கிறது? கணக்குப் பாடத்தோடு இணைத்து, 200 ரூபாய்ச் சட்டைக்கு 50 சதவீதம் வரை தள்ளுபடி என்றால் அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்று கேட்கலாம். விடை 100 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 200 ரூபாய் வரை எதுவாகவும் இருக்கலாம் என்பது பிள்ளைகளைத் திகைக்க வைக்கும்.

பாலில் கலக்கும் மாவு பானங்களின் விளம்பரமும் நல்ல பாடம். அத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகைக்கு வரையறையே இல்லை என்பதுதான் காரணம். டப்பாவின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அருகருகே வைத்து, முன்னால் உள்ள சொற்கள் எவை, பின்னால் 100 கிராமுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எழுதச் சொல்லலாம். காலி டப்பாவை ஆசிரியரே கொண்டுவருவது நல்லது. ‘வீட்டிலிருந்து கொண்டு வா’ என்றால் வாங்க வசதியில்லாத பிள்ளை கூசிப்போகும்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத் தொடக்கப் பள்ளியொன்றில் 1990-களில் ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் அன்னையர் தின விளம்பரத் தாள்களை இப்படித்தான் ஆராய்ந்தார்கள்: இதில் எப்படிப்பட்ட அம்மாக்கள் இருக்கிறார்கள், எப்படிப்பட்டவர்கள் இல்லை? எங்கள் அம்மா இதில் எங்கே? நம்மூர்ப் பொங்கல் விளம்பரத்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

உண்மையான ஆளுக்கு ஒரு கடிதம்

வகுப்புக்குள் மாற்றி எழுதுவது பயிற்சி. எப்போதாவது எழுத்து வாசலைத் தாண்ட வேண்டும். கனடாவின் டொரன்டோவில் விவியன் வாஸ்குவெஸ் என்ற ஆசிரியரின் வகுப்பில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள், பள்ளி விருந்தில் சைவம் உண்ணும் தோழனுக்கு எதுவுமே இல்லாததைக் கவனித்து, ஏற்பாட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். நம்மிடம் இதற்கான வாசல்கள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன: பள்ளி மேலாண்மைக் குழு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபை.

‘எங்கள் தெருவில் விளக்கு எரியாமல் மிகவும் கஷ்டப்படுகிறோம்’ என்று எழுதினால் அது புலம்பல். மின்கம்ப எண், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை, மாலை டியூஷன் முடிந்து எத்தனை பிள்ளைகள் அவ்வழியே வருகிறார்கள், யாரிடம் ஏற்கெனவே சொல்லப்பட்டது, என்ன நடந்தது என்று ஐந்து தகவல் இருந்தால்தான் மனு. நான்காவது தகவலில் ‘சொல்லப்பட்டது’ என்று மாணவரே எழுதிவந்தால், யார் யாரிடம் சொன்னார் என்று வட்டம் போடலாம். நகலும் ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைக்கக் கற்றுக்கொடுப்பதும் எழுத்தறிவுதான்.

மனுவின் நடையே ஒரு பாடம். ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’, ‘கருணை கூர்ந்து’, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’. உரிமையாகக் கிடைக்க வேண்டியதை இரக்கத்தின் பேரில் கேட்கிற நடை இது. இதே கோரிக்கையைப் பணிவு குறையாமல், கெஞ்சாமல் எழுத முடியுமா என்று இரண்டு வடிவத்தில் எழுதிப் பார்க்கலாம். ஆனால் பழைய வடிவத்தைக் கேலி செய்துவிட்டுக் கற்பிக்காமல் விடுவது பிள்ளைக்குச் செய்கிற துரோகம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற ஒழுங்கு தெரியாதவரின் தாளை எந்த மேசையும் எளிதில் ஏற்காது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் காலத்தின் கடைசிக் கட்டத்தில் மாணவர்களுக்கான பயிற்சி நூல்களை உருவாக்கிய ஹிலரி ஜாங்க்ஸ் இந்த இக்கட்டைத்தான் அழுத்திச் சொல்கிறார்: அதிகாரத்தின் மொழியைக் கற்றுக்கொடுத்தால் அதன் மவுசைக் கூட்டுகிறோம், கற்றுக்கொடுக்காவிட்டால் பிள்ளையை வெளியே நிறுத்துகிறோம். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கே சறுக்கும்

முதல் சறுக்கல் ஆசிரியரிடமே. தான் நினைக்கிற பதில் வரும்வரை கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பது. ஆசிரியரின் அரசியல் என்னவென்று பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்து அதையே எழுதித் தருவார்கள். இதற்கு மருந்து, ஆசிரியருக்குப் பிடித்த ஒரு பிரதியையும், அவரே எழுதிய அறிவிப்பையும் மேசைமேல் வைத்து வட்டம் போடவிடுவது.

இரண்டாவது, ‘எல்லாமே பொய்’ என்ற முடிவு. மூன்று நான்கு வகுப்புகளுக்குப் பிறகு சில பிள்ளைகள் எதையும் நம்ப மறுப்பார்கள். அது சோம்பலின் இன்னொரு வடிவம். வட்டங்களை நிரப்பிய நல்ல செய்தி ஒன்றை, யார், எங்கே, யார் சொன்னது என்று எல்லாம் உள்ளதை, இடையிடையே கொடுக்க வேண்டும்.

மூன்றாவது ஆபத்து பெரியது. சாதி, தொழில், வீடிழப்பு பற்றிய பிரதியைக் கொடுக்கும்போது அந்த வாழ்க்கையை வாழ்கிற பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். மற்றவர்களின் கண்கள் அவர்மீது திரும்பும். ‘உங்க வீட்டுல எப்படி?’ என்று எந்தக் காரணத்துக்காகவும் கேட்கக் கூடாது. தூய்மைப் பணியாளர் குடும்பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் இக்கட்டுரையின் முதல் தலைப்பை வைத்துத் தொடங்குவது அறிவீனம். ஆற்றங்கரைச் செய்திக்கும் இதேதான். விளம்பரத்தில் தொடங்கி, வகுப்பு ஒருவரையொருவர் நம்பத் தொடங்கிய பிறகு, அந்தப் பிள்ளை தானாகப் பேச விரும்பினால் மட்டும் அங்கே போகலாம்.

கவிதையையும் கதையையும் வாரம் தவறாமல் இப்படி அறுத்துக்கொண்டே இருந்தால் வாசிப்பின் ருசியே போய்விடும். மாதத்துக்கு இரண்டு பாடம் தாராளம். மற்ற நாட்களில் கதை கதையாகவே இருக்கட்டும். வரைவைப் பேச்சுத்தமிழில் எழுத அனுமதிப்பதும் முக்கியம். எழுத்துத்தமிழுக்கு மாற்றும் வேலை இரண்டாம் வரைவில். முதலிலேயே சந்திப்பிழை திருத்தினால் சிந்தனை அங்கேயே நின்றுவிடும்.

மதிப்பீட்டுக்குத் தனித் தேர்வு தேவையில்லை. புதிதாக 60 சொல்லில் ஒரு செய்தி கொடுத்து, எந்த வினைக்குச் செய்தவர் இல்லை என்று கண்டுபிடித்தால் 1, ஒரே பொருளுக்கு வந்த வெவ்வேறு பெயர்களைச் சுட்டினால் 1, விடுபட்டதைக் கேள்வியாக எழுதினால் 1, தகவல் எதையும் புனையாமல் மாற்றி எழுதினால் 2. ஐந்து மதிப்பெண்ணுக்குள் முடிந்தது. எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. இதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. பாடம் பிடிபட்டதும் பிள்ளைகள் முதலில் கை வைப்பது பள்ளி அறிவிப்புப் பலகையில்தான். ‘தாமதமாக வரும் மாணவர்கள் அனுமதிக்கப்படமாட்டார்கள்’: யார் அனுமதிக்கமாட்டார், எத்தனை நிமிடம் தாமதம், பஸ் வராவிட்டால்? அந்த அறிவிப்பைத் திருத்தி எழுதும் வேலையை அவர்களிடமே கொடுத்து, நல்ல வடிவத்தில் தலைமையாசிரியர் கையெழுத்திட்டுப் பலகையில் ஒட்டலாம்.